நான்கு நிகழ்ச்சிகளும் ஒரு பாளையங்கோட்டைப் பட்டறையும்

பழைய கார்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் எது பார்க்கத் தகுந்தது என்ற வாதம், பாளையங்கோட்டை சமாதானபுரத்துக்கு அருகில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேலை சற்று மந்தமாகும் நேரத்தில் தொடங்கி, மாலைத் தேநீர் வரும்வரை நீள்வது வழக்கம். வாதிடுபவர்கள் நான்கு பேர். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் நாற்பது ஆண்டுகள் கைபழகிய பட்டறை அண்ணாச்சி ஒருவர். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற, நாங்கள் எல்லோரும் ‘சார்வாள்’ என்றே அழைக்கும் ஆசிரியர் ஒருவர். துபாயில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய, அண்ணாச்சியின் தங்கை மகனான மருமகன் ஒருவர். அப்பா விட்டுச்சென்ற 1968-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஓடவைக்க முடியுமா என்று அலைந்துகொண்டிருக்கும் நான். டர்போ சேனலிலும் நேஷனல் ஜியாகிரஃபிக்கிலும் பார்த்தவை, பின்னர் கைப்பேசியில் தேடிப் பார்த்தவை என்று எத்தனையோ இருந்தாலும், வாதம் திரும்பத் திரும்ப நான்கு நிகழ்ச்சிகளிலேயே வந்து நிற்கிறது. பிரிட்டனிலிருந்து ‘வீலர் டீலர்ஸ்’, ‘கார் எஸ்.ஓ.எஸ்.’, அமெரிக்காவிலிருந்து ‘ஃபாஸ்ட் அண்ட் லௌட்’, ‘சேஸிங் கிளாசிக் கார்ஸ்’.

இவற்றை எந்தக் கார் அழகு என்பதை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. வேலை செய்கிற கையின்மேல் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்தக் கைக்குரிய கூலி கணக்கில் வருகிறதா என்ற இரண்டு கேள்விகளை நான்கிடமும் கேட்டுப் பார்த்தபோதுதான், எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று பிடித்துப்போனதன் காரணமே எனக்குத் தெளிவானது.

‘வீலர் டீலர்ஸ்’ 2003-இல் தொடங்கியது. மைக் ப்ரூவர் ஒரு பழைய காரைத் தேடிப் பிடித்துப் பேரம் பேசி வாங்குவார். எட் சைனா அதைப் பட்டறையில் பிரித்துச் சரிசெய்வார். பிறகு ப்ரூவரே அதை விற்று, இறுதியில் கைகுலுக்குவார். அந்தக் கைகுலுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் சார்வாளுக்குச் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் மாட்டுச் சந்தைதான் நினைவுக்கு வருகிறதாம். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் தரகருக்கும், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் நூறு பவுண்டு குறைக்கச் சொல்லும் ப்ரூவருக்கும் தொழில் ஒன்றுதான் என்பது அவருடைய கருத்து. ஆனால் எங்கள் பட்டறை அந்த நிகழ்ச்சியைப் பார்த்தது ப்ரூவருக்காக அன்று. ஆறடிக்கும் மேல் உயரமான சைனா, கையுறை மாட்டிக்கொண்டு, எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும், ஏன் அந்த வரிசையை மாற்றக் கூடாது, துருப்பிடித்த இடத்தை எதுவரை வெட்டி எடுத்தால் நல்ல தகடு கிடைக்கும் என்றெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே செய்வதைத்தான் பார்த்தார்கள். ஆங்கிலம் முழுவதுமாகப் புரியாத பையன்களும் கையைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளில் வரும் கார்கள் பல, நமக்குத் தெரிந்த கார்களின் உறவினர்கள். அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது; அதில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. இன்ஜினும், எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் 1,798 சி.சி. இன்ஜினும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே திரையில் ஒருவர் எம்.ஜி.பி.யின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது, அண்ணாச்சி அடுத்து அவர் கை எங்கே போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். என் ஹெரால்டு டிரையம்ஃப் ஹெரால்டின் சென்னைப் பிறவி. மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் செய்த அதில், இன்ஜின் மூடி முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறப்பதால், பட்டறைக்கும் கேமராவுக்கும் ஒரே மாதிரி வசதி. மின்சாதனங்களின் கதை இன்னும் சுவையானது. திரையில் வருகிறவர்கள் லூகாஸ் நிறுவனத்தின் டைனமோவையும் விளக்கையும் ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலி செய்வது பிரிட்டனில் பழைய நகைச்சுவை. இங்கே அது எடுபடுவதில்லை. 1961-இல் அந்த பர்மிங்ஹாம் லூகாஸுடன் கூட்டுச் சேர்ந்தது டி.வி.எஸ்.; அந்தக் குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்த ஊர், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய திருக்குறுங்குடி. லூகாஸைப் பழிப்பது தம் சம்பந்தி வீட்டைப் பழிப்பதுபோல் அண்ணாச்சிக்குச் சுருக்கென்று படுகிறது.

இவ்வளவு பிடித்த நிகழ்ச்சியின்மேல் அவருக்கு உள்ள மனத்தாங்கலும் சிறியதன்று. நிகழ்ச்சியின் முடிவில் வாங்கிய விலை, உதிரிபாகச் செலவு, விற்ற விலை, லாபம் என்று திரையில் கணக்கு வரும். அதில் சைனாவின் உழைப்புக்கு ஒரு பென்னிகூட எழுதப்படுவதில்லை. இன்ஜினை இறக்கி, கிளட்சை மாற்றி, மீண்டும் ஏற்றி, தரைத்தகட்டை வெல்டிங் செய்து, பெயிண்ட் அடித்து முடித்த ஒரு காரில் ஐந்நூறு பவுண்டு லாபம் என்று ப்ரூவர் சிரிக்கும்போது, “எஞ்சினை எறக்கி ஏத்துனவனுக்குச் சம்பளம் யாரு வே குடுப்பா?” என்று அண்ணாச்சி தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்கிறார். இது வெறும் கோபமன்று. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, தங்கள் பழைய ஃபியட்டையும் அதே செலவில் புதிதாக்கித் தர வேண்டும் என்று வருகிற வாடிக்கையாளர்களை அவர் எதிர்கொண்டாக வேண்டும். என்னையே எடுத்துக்கொண்டாலும், ஹெரால்டின் தரையைச் சரிசெய்யும் செலவை நான் முதலில் கணக்கிட்டபோது தகடு, கேஸ், வெல்டிங் கம்பி, பிரைமர் என்று மட்டும் எழுதியிருந்தேன். பார்த்த நிகழ்ச்சியின் பழக்கம் என் தாளிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

இங்கே நான் நிகழ்ச்சிக்காகவும் சற்றுப் பேச வேண்டும். வீட்டில் தானே கருவி எடுத்து வேலை செய்பவர் தம் உழைப்புக்கு விலை போடுவதில்லை. அப்படிப்பட்டவரைத்தான் அந்த நிகழ்ச்சி பார்வையாளராக நினைத்துக்கொள்கிறது. பிரிட்டனில் அத்தகையோர் ஏராளம். அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னால் உதிரிபாகம் வீட்டுக்கு வருகிறது, எம்.ஜி.பி.க்கு முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. நமக்கோ பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பேட்டைப் பக்கம் ஒரு லேத்துக்காரரிடம் மாதிரியைக் கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். பாகத்தின் விலையைவிட அதைத் தேடும் உழைப்பே நமக்குப் பெரிது என்பதால்தான், உழைப்பை விட்டுவிட்ட கணக்கு இங்கே இவ்வளவு பொய்யாகத் தெரிகிறது.

2017 இந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர்கள் மறக்காத ஆண்டு. அந்த மார்ச்சில் எட் சைனா விலகினார். பட்டறைக் காட்சிகளை எடுப்பது கடினமாக இருப்பதால் அவற்றைக் குறைக்க வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு விரும்பியதாகவும், தரம் கெடுவதில் தமக்கு உடன்பாடில்லை என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில்தான் ‘ஃபாஸ்ட் அண்ட் லௌட்’ நிகழ்ச்சியிலிருந்தும் அதன் மெக்கானிக்கான ஆரன் காஃப்மன் வெளியேறினார். இரண்டு நிகழ்ச்சிகளிலும் வாங்கி விற்பவர் இருந்துவிட்டார், செய்பவர் போய்விட்டார். எங்கள் நால்வரில் எவருக்கும் அதன் பிறகு ‘ஃபாஸ்ட் அண்ட் லௌட்’ நிகழ்ச்சியை முழுதாக உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இருக்கவில்லை, மருமகனுக்கும்கூட. ‘வீலர் டீலர்ஸ்’ மட்டும் பிழைத்துக்கொண்டது. சைனாவுக்குப் பின் வந்த ஆன்ட் ஆன்ஸ்டெட், எந்திரப் பகுதிகளைக் காகிதத்தில் வரைந்து விளக்கும் பழக்கமுள்ளவர் என்பதால், கரும்பலகையில் வாழ்ந்த சார்வாளுக்கு அவரையே கூடுதலாகப் பிடித்தது. அண்ணாச்சிக்கு அந்தப் படங்கள் நேரத்தை வீணாக்குவதாகப் பட்டன. அடுத்து வந்த மார்க் பிரீஸ்ட்லி, மெக்லாரன் ஃபார்முலா ஒன் அணியில் மெக்கானிக்காக இருந்தவர், கை சுத்தம். ஆயினும் பட்டறையில் இன்றுவரை ஓடுவது சைனா காலத்துப் பழைய தொடர்கள்தான்.

‘ஃபாஸ்ட் அண்ட் லௌட்’ 2012-இல் தொடங்கி 2020 வரை ஓடியது. டெக்ஸாஸின் டாலஸ் நகரத்து கேஸ் மங்கி கராஜைச் சுற்றியது. மருமகனுக்கு இது பிடித்ததில் வியப்பில்லை. அதன் உரிமையாளர் ரிச்சர்ட் ராலிங்ஸ் பணத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். பட்டறை என்பது சம்பளம் கொடுத்து நடத்தப்படும் தொழில் என்பதை அந்த நிகழ்ச்சி ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த அளவில் அது ‘வீலர் டீலர்ஸ்’ நிகழ்ச்சியைவிட நேர்மையானது என்று அவர் வாதிடுவதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் சம்பளம் வாங்குகிறவர் என்ன செய்கிறார் என்பது திரையில் வருவதில்லை. வெல்டிங் பொறி பறக்கும், உரத்த இசை வரும், கெடு நெருங்குகிறது என்று யாரோ கத்துவார். மூன்று நிமிடத்தில் கார் முடிந்திருக்கும். “இதைப் பார்த்து ஒரு போல்ட் கழத்தக்கூடப் படிக்க முடியாது” என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. போதாக்குறைக்கு, அங்கே செய்யும் வேலையில் பாதியை இங்கே செய்தால் ஆர்.டி.ஓ. அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஐம்பது வயது கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் வந்த விதிகளோ, சேசிஸ் என்ற அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பதிவுக்கு ₹20,000 கட்டணம், அதற்குப் பத்து ஆண்டு செல்லுபடி, அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய வி8 இன்ஜினை ஏற்றுகிற டாலஸ் பாணியை என் ஹெரால்டில் முயன்றால், அது சட்டப்படி ஹெரால்டாகவே இராது.

‘சேஸிங் கிளாசிக் கார்ஸ்’ இதற்கு நேரெதிர் திசையில் நிற்பது. கனெக்டிகட்டைச் சேர்ந்த வெயின் கரீனி, மறந்துபோன கார்களைக் கொட்டகைகளில் தேடிக் கண்டெடுத்து, ஏலத்துக்கோ பெபிள் பீச் போன்ற அழகுப் போட்டிகளுக்கோ கொண்டுபோகிறார். இதில் கைவேலை குறைவு, கண்வேலை அதிகம். ஒரு கார் எந்தத் தொழிற்சாலையில் எந்த நிறத்தில் வெளிவந்தது, எந்த இருக்கைத்தோல் மாற்றப்பட்டது, எந்தக் கீறல் அதன் வரலாறு என்பதையே அவர் பார்க்கிறார். பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் தொடப்படாத மூல நிலைக்கு உயர்ந்த மதிப்பு உண்டு என்ற எண்ணத்தை எங்கள் வட்டத்துக்குக் கொண்டுவந்தது இந்த நிகழ்ச்சிதான்.

அதற்குப் பலனும் உண்டு. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுத் தொழுவத்தில், மாடு போன பிறகும் வைக்கோல் போகாத இடத்தில், ஒரு பழைய மோரிஸ் மைனர் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் அதை வெளியே இழுத்து, பள்ளத்தை நிரப்பும் பட்டி போட்டு, பளபளக்கும் சிவப்பு அடித்து, பேத்தியின் கல்யாண ஊர்வலத்தில் விடுவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். சார்வாள் அங்கே போய், கதவின் உட்புறத்தில் இன்னும் மிஞ்சியிருந்த மூல நிறத்தைக் காட்டி, கழுவி மெழுகு போட்டாலே போதும் என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசித் தடுத்துவிட்டார். வண்டி மங்கிய சாம்பல் நிறத்திலேயே ஊர்வலம் போனது. பேத்திக்கு அதில் மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்கோ இந்த நிகழ்ச்சியில் ஈடுபாடே கிடையாது. கோடீசுவரர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் பொருளைப் பார்த்துத் தமக்கு என்ன ஆகப்போகிறது என்பார்.

‘கார் எஸ்.ஓ.எஸ்.’ பற்றித்தான் வாதம் சூடாகிறது. 2013 முதல் டிம் ஷாவும் ஃபஸ் டவுன்செண்டும் நடத்தும் இதில், நோயாலோ இழப்பாலோ தம் காரைச் சரிசெய்ய முடியாமல் போன ஒருவரின் வண்டியை, அவருக்குத் தெரியாமல் குடும்பத்தாரின் உதவியோடு எடுத்துச்சென்று, முழுவதும் புதுப்பித்து, ஒருநாள் எதிர்பாராமல் அவர் கண்முன் நிறுத்துகிறார்கள். காரைப் பற்றி எதுவும் கேட்க விரும்பாத என் மனைவியும் அண்ணாச்சி வீட்டு மதினியும் ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பது இதை மட்டும்தான். இறுதிக் காட்சியில் உரிமையாளர் அழுவார். பக்கத்தில் நிற்பவர்கள் அழுவார்கள். இங்கேயும் முந்தானை கண்ணுக்குப் போகும். மருமகனுக்கு இது சீரியல்போல் தோன்றுகிறது. அழுகையை அறுவடை செய்வதற்காகவே கார் விதைக்கப்படுகிறது என்பது அவருடைய வாதம். டிம் ஷா வேடம் போட்டு அடிக்கும் கோமாளித்தனங்களில் எனக்கும் பொறுமை போய்விடுகிறது. உதிரிபாகம் தேடும் பகுதியை அந்த விளையாட்டு பாதி விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் குறை.

ஆனால் நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், இது மற்ற மூன்றையும்விடத் தப்பில்லாமல் நிற்கிறது. முன்பு பாப் வில் ஈட் இட்செல்ஃப் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஃபஸ், தமது ஆட்களோடு சேர்ந்து துருவை வெட்டும் காட்சிகள் நீளமானவை. பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவதால் அடித்தகடு அரிக்கப்படுகிறது. மேலே பளபளக்கும் வண்டியின் கீழே சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழுகிறது. ஒரு வண்டியை முழுவதுமாகப் பிரித்த பிறகுதான் அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெரியும் என்ற, எந்த வாடிக்கையாளரும் நம்ப மறுக்கும் உண்மையை இந்த நிகழ்ச்சி வாரந்தோறும் நிரூபிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் என் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவர், துருவை எடுக்காமல் அதன்மேலேயே விரல்கனத்துக்குப் பட்டி போட்டு மூடிவிட்டார். அடுத்த ஐப்பசி மழையில் அது அப்பளம்போல் எழும்பியது. அன்று இந்த நிகழ்ச்சியை நான் பார்த்திருந்தால், பெயிண்ட் அடிக்கும் முன்பு ஒரு காந்தத்தையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பேன். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. கூலியைப் பொறுத்தவரை, அங்கே யாரும் எதையும் விற்பதில்லை. கணக்கே இல்லாத இடத்தில் கூலி விடுபட்டது என்று குறை சொல்ல வழியில்லை. “இத்தனை பேரு இத்தனை நாளு செஞ்சாத்தான் முடியும்னாவது காட்டுதானே” என்று அண்ணாச்சி ஒப்புக்கொள்வது இதனால்தான்.

நான்குக்கும் பொதுவான ஒரு குறையை எங்கள் ஊர்க்காரர் மட்டுமே சொல்ல முடியும். நெல்லைச் சமவெளி மழைமறைவுப் பகுதி. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளின் தரை அரித்திருப்பதுபோல் இங்குள்ளவை அரிப்பதில்லை. இங்கே காரைத் தின்பது வெயில். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பொடியாகிறது, டேஷ்போர்டு வெடிக்கிறது, மேற்கூரையின் பெயிண்ட் சுண்ணாம்புபோல் வெளுக்கிறது. ரப்பருக்கும் டேஷ்போர்டுக்கும் முழுதாகப் பத்து நிமிடம் ஒதுக்கிய பகுதி எதையும் இந்த நான்கிலும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. பெரும்பாலான பழுது குளிர்நாட்டுப் பழுது. நமக்கு வேண்டிய பாடத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘டாப் கியர்’ ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. அதன் தொகுப்பாளர்கள் மூவரும் 2011 டிசம்பரில் ஒளிபரப்பான இந்தியச் சிறப்புப் பகுதியில் பழைய ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், மினி கார்களில் இங்கே சுற்றியதும், அதன் கேலி குறித்து இந்தியத் தூதரகம் புகார் அனுப்பியதும் உண்மை. அது காரைச் சாக்காக வைத்த கேளிக்கை. பட்டறையில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். கருவி பிடிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் 2017-க்கு முந்தைய ‘வீலர் டீலர்ஸ்’ பார்க்கட்டும். இறுதிக் கணக்கு வரும்போது மட்டும் ஒலியைக் குறைத்துவிடலாம். பூட்டிய வீட்டுத் தொழுவத்தில் வண்டி வைத்திருப்பவர், பெயிண்டரை அழைப்பதற்கு முன் ‘சேஸிங் கிளாசிக் கார்ஸ்’ நான்கு பகுதிகளாவது பார்க்கட்டும். பட்டறைக்கு வண்டி கொடுக்கப்போகிறவர் ‘கார் எஸ்.ஓ.எஸ்.’ பார்த்துவிட்டுப் போனால், மெக்கானிக் சொல்லும் நாள்கணக்கு அவருக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இராது. ‘ஃபாஸ்ட் அண்ட் லௌட்’ யாருக்கு என்று மருமகன்தான் சொல்ல வேண்டும். அவரும் இப்போது எட் சைனாவின் பழைய தொடர்களுக்கு மாறிவிட்டார்.

ஹெரால்டின் தரைவேலை போன மாதம் முடிந்தது. அண்ணாச்சி கொடுத்த பில்லில் முதல் வரியாக ‘லேபர், 23 நாள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. தகடும் கேஸும் அதற்குக் கீழே வரிசையாக வந்தன. பேரம் பேசலாம் என்று வாயெடுத்த என்னை, திரையில் கைகுலுக்கிக்கொண்டிருந்த ப்ரூவரைக் காட்டி அவர் நிறுத்திவிட்டார்.